நடை பழகிய குழந்தையுடன் முதல் கேளிக்கைப் பூங்கா விடுமுறை: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஒன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையை அழைத்துக்கொண்டு கேளிக்கைப் பூங்காவுக்கு விடுமுறை செல்ல நினைக்கும் பெற்றோர், பெரும்பாலும் விமானக் கட்டணத்தையும் நுழைவுச்சீட்டின் விலையையும் பார்த்து முடித்த பிறகுதான் மற்றவற்றை யோசிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. குழந்தை எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது பசியெடுக்கிறது, பகலில் எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதை ஒரு வாரம் குறித்துவையுங்கள். அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு திட்டமிடத் தொடங்கினால், எந்த ஊர், எத்தனை நாள், எந்த நேரத்து விமானம், எந்த விடுதி என்ற கேள்விகளில் பலவற்றுக்கு விடை எளிதாகக் கிடைத்துவிடும். ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பூங்காவுக்குப் போகும் நாளில் அந்தத் தேவை குறைவதில்லை. வெயில், இரைச்சல், புதிய முகங்கள் எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டவே செய்யும்.

வீட்டுக்கு அருகில் ஓர் ஒத்திகை

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பு சிங்கப்பூரிலேயே ஓர் ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவில்லாமல் தொடங்க விரும்புவோர் தாவரவியல் பூங்காவில் உள்ள ஜேக்கப் பலாஸ் சிறுவர் தோட்டத்துக்குப் போகலாம். அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அடுத்த கட்டமாக மண்டாயில் உள்ள விலங்கியல் தோட்டத்தையோ 2023இல் அங்கு திறக்கப்பட்ட பறவைகள் பூங்காவையோ எடுத்துக்கொள்ளலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. பரப்பு பெரிது என்பதால் குழந்தை எவ்வளவு தூரம் நடக்கிறது, எந்த இடத்தில் தூக்கச் சொல்கிறது, தள்ளுவண்டியில் உட்கார மறுக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெளிவாகத் தெரிந்துவிடும்.

உண்மையான ஒத்திகை செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ்தான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கும் கட்டணம் இல்லை. விவோசிட்டியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி ரிசார்ட்ஸ் வோர்ல்டு நிலையத்தில் இறங்கினால் நடக்க வேண்டிய தூரம் குறைவு. மின்தூக்கிகள் இருப்பதால் தள்ளுவண்டியோடு போவதிலும் சிரமம் இல்லை. செசமி ஸ்திரீட் கதாபாத்திரங்களின் மெதுவான சவாரி, 2025இல் திறக்கப்பட்ட மினியன் பகுதி ஆகிய இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு மதிய உணவோடு வெளியே வந்துவிடுவது போதும். நீங்கள் அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. இருட்டான சவாரிக்குள் நுழையும்போது குழந்தை உங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறதா, சிரிக்கிறதா? ஆளுயரப் பொம்மை வேடமணிந்தவர் அருகில் வந்தால் என்ன செய்கிறது? இருபது நிமிட வரிசையை எப்படித் தாங்குகிறது? தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டும் கதாபாத்திரம் ஆறடி உயரத்தில் எதிரே வந்து நிற்கும்போது பல குழந்தைகள் அலறிவிடும். அது இயல்பே. ஆனால் உங்கள் குழந்தை அப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால், வெளிநாட்டில் கதாபாத்திரங்களோடு காலை உணவு என்று கூடுதல் பணம் கட்டி முன்பதிவு செய்யாமல் இருந்துவிடலாம்.

இந்த ஒத்திகையில் குழந்தை மகிழ்ச்சியாக இல்லை என்றால் பயணத்தை ஓராண்டு தள்ளிவைப்பதில் எந்த இழப்பும் இல்லை. பூங்கா அங்கேயே இருக்கும்.

எந்தப் பூங்கா

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் குடும்பத்துக்கு நடைமுறையில் மூன்று தெரிவுகள் முன்னிற்கின்றன. முதலாவது, ஜோகூரில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலேண்ட். விமானம் ஏற வேண்டியதில்லை. விடுதி பூங்காவின் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் எல்லை கடக்கும் நேரத்தைக் கணிக்க முடியாது என்பது இதிலுள்ள பெரிய குறை. துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகக் காரில் போவது, பூங்கா இருக்கும் திசைக்கும் பொருத்தமானது, குழந்தை தன் இருக்கையிலேயே தூங்கிக்கொண்டு வரவும் வசதியானது. பேருந்தில் போனால் இரண்டு சோதனைச்சாவடிகளிலும் பையும் குழந்தையும் தள்ளுவண்டியுமாக இறங்கி ஏற வேண்டியிருக்கும். நீண்ட வார இறுதியில் இந்தப் பயணத்தைத் தொடங்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஹாங்காங் டிஸ்னிலேண்ட். முதல் விமானப் பயணத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. அங்கும் இங்கும் கடிகாரம் ஒன்றே என்பதால், குழந்தையின் தூக்கமும் பசியும் வீட்டு நேரப்படியே நடக்கும். இதன் அருமை சிறு குழந்தையோடு நேர வேறுபாடுள்ள ஊருக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். விமான நிலையமும் பூங்காவும் லாந்தாவ் தீவுப் பக்கமே இருப்பதால் நகருக்குள் போகாமலேயே விடுதியை அடைந்துவிடலாம். மின்செருகியும் நம் வீட்டில் உள்ள அதே மூன்று முள் வகைதான். 2005இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, டிஸ்னி பூங்காக்களில் அளவில் சிறியது என்று சிலர் குறை சொல்வார்கள். குட்டிக் கால்களுக்கு அதுவே நன்மை.

மூன்றாவது, தோக்கியோ டிஸ்னிலேண்ட். பறக்கும் நேரம் ஏழு மணியளவு, அங்கே நேரம் ஒரு மணி முந்தியது. மூன்று வயது வரை நுழைவு இலவசம். ஆனால் ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட் என்பதால், சிங்கப்பூரில் வாங்கிய பால் சூடாக்கியும் புட்டி கிருமிநீக்கியும் அங்கு ஒழுங்காக வேலை செய்யாது. கூட்டமும் அதிகம். குழந்தைக்கு ஐந்து வயதான பிறகு போனால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். இனி வருவனவற்றில் ஹாங்காங்கையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மற்ற இடங்களுக்கும் முறை ஒன்றுதான்.

எப்போது, எத்தனை நாள்

தொடக்கப்பள்ளியில் படிக்கும் அக்காவோ அண்ணனோ வீட்டில் இல்லையென்றால், பள்ளி விடுமுறையைத் தவிர்க்கும் சலுகை உங்களுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்திலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் வரும் நீண்ட விடுமுறைகளில் விமானக் கட்டணம் ஏறிவிடும். சீனப் புத்தாண்டு, மே தின விடுமுறை, அக்டோபர் முதல் வாரம் ஆகிய நாள்களில் சீனப் பெருநிலத்திலிருந்து வரும் கூட்டத்தால் ஹாங்காங் நிரம்பிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெக்கையோடு சூறாவளி அச்சமும் உண்டு. அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை இதமான வானிலை நிலவும். தீபாவளி முடிந்த கையோடு, பள்ளி விடுமுறை தொடங்குமுன் போவது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த குழந்தைக்குக் கம்பளி மேலாடையும் காலுறையும் அவசியம்.

ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள குழந்தையின் பெற்றோர் தகுதி பெற்றிருந்தால், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு பாலர் பள்ளி வீட்டுக்கு அனுப்பிவிடும் நாள்களுக்கும் அதே விடுப்புதான் கைகொடுக்கும். ஆகையால் சுற்றுலாவுக்கு அதை முழுவதும் எடுத்துவிடாமல் ஆண்டு விடுப்பையே நம்புவது நல்லது.

நான்கு இரவு, ஐந்து நாள் என்பது நல்ல அளவு. முதல் நாளும் கடைசி நாளும் பயணத்துக்கே போய்விடும். இடையில் உள்ள மூன்று நாள்களில் இரண்டு பூங்காவுக்கு, நடுவில் உள்ளது ஓய்வுக்கு. அந்த ஓய்வு நாளில் விடுதி நீச்சல்குளத்துக்கோ அருகிலுள்ள புல்வெளிக்கோ போனால் போதும். அதைக் கடைகளுக்குப் போகும் நாளாக மாற்றிவிட்டால் மறுநாள் பூங்காவில் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆவணங்களும் முன்பதிவும்

பச்சிளங்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டோரின் சிங்கப்பூர்க் கடப்பிதழ் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஹாங்காங் செல்ல விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர், சிங்கப்பூர் நிரந்தரவாசிகளாக இருந்தாலும், ஹாங்காங் குடிநுழைவுத் துறையின் இணையப்பக்கத்தில் வருகைக்கு முந்திய பதிவைச் செய்துகொள்ள வேண்டும். பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்று மற்றொருவர் பெறாதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்கள் ஒவ்வொருவர் கடப்பிதழையும் தனித்தனியே சரிபார்ப்பது அவசியம்.

இரண்டு வயது நிறையாத குழந்தை பெற்றோரின் மடியில் பயணம் செய்யலாம். கட்டணம் மிகவும் குறைவு. பயணத்தின் இடையில் இரண்டாவது பிறந்தநாள் வந்தால், திரும்பும் விமானத்தில் அதற்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். பிறந்தநாளைப் பூங்காவில் கொண்டாட ஆசைப்படும் பெற்றோர் இதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நுழைவு இலவசம் என்பதால், செலவைக் கருதுவோருக்கு இரண்டு வயது பத்து மாதத்தில் போவதற்கும் மூன்று வயது ஒரு மாதத்தில் போவதற்கும் வேறுபாடு உண்டு.

விமான நேரத்தைத் தேர்ந்தெடுக்க, நீங்கள் குறித்துவைத்த தாளை எடுங்கள். குழந்தை மதியம் ஒரு மணிக்குத் தூங்கும் என்றால், நண்பகலை ஒட்டிப் புறப்படும் விமானம் பொருத்தமானது. பறக்கத் தொடங்கியதும் தூங்கிவிடும் வாய்ப்பு அதிகம். விடியற்காலை விமானம் மலிவாக இருக்கும். ஆனால் அதற்காக மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட குழந்தை அன்று முழுவதும் சரியாகாது. விமானம் இறங்கத் தொடங்கும்போது பாலோ தண்ணீரோ கொடுத்து விழுங்கவைத்தால் காதடைப்பு குறையும்.

விடுதிக்குப் பணம் கட்டும்போது தாராளமாக இருங்கள், வேறெங்காவது சிக்கனம் பிடிக்கலாம். நகருக்குள் உள்ள அறைகள் குறுகலானவை. குழந்தைக் கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. பூங்கா வளாகத்திலேயே மூன்று விடுதிகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து பூங்காவுக்கு இலவசப் பேருந்தும் ஓடுகிறது. அந்த விடுதியால் கிடைக்கும் உண்மையான பயன், மதியத் தூக்கத்துக்கு அறைக்குத் திரும்பி வர முடிவதுதான். தாத்தா பாட்டி உடன் வந்தால் இணைப்புக் கதவுள்ள இரண்டு அறைகளைக் கேளுங்கள். மதியம் தாத்தா பாட்டியும் குழந்தையும் தூங்கும் நேரத்தில் பெற்றோர் இருவரும் பெரியவர்களுக்கான சவாரிகளுக்குப் போய்வரலாம். இதைப் புறப்படுமுன்பே மனம்விட்டுப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். விடுமுறைக்கு வந்த பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே அழைத்துவரப்பட்டதாக உணரக் கூடாது; அவர்கள் பார்க்க விரும்பும் ஊர்வலத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

பூங்காவில் ஒரு நாள்

பெரும்பாலான நாள்களில் பூங்கா காலை பத்தரை மணியளவில் திறக்கும். சில வாரநாள்களில் மூடப்படுவதும் உண்டு என்பதால் நுழைவுச்சீட்டு வாங்குமுன் பூங்காவின் நாள்காட்டியைப் பாருங்கள். திறப்பதற்கு அரை மணி முன்னதாக வாசலில் இருந்தால், கூட்டம் சேருமுன் முதல் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து சவாரிகளை முடித்துவிடலாம்.

உயரக் கட்டுப்பாடு இல்லாத சவாரிகளையே முதலில் தேடுங்கள். பறக்கும் யானை டம்போ, சின்டரெல்லா குதிரை ராட்டினம், கரடிக்குட்டி வின்னி தி பூவின் தேன்குடச் சவாரி, பல நாட்டுப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரி ஆகியவை குழந்தைக்குப் போதுமானவை. பூங்காவைச் சுற்றிவரும் ரயில் கால்வலிக்கும் மருந்து, சிணுங்கலுக்கும் மருந்து. 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ஃப்ரோசன் பகுதியின் படகுச் சவாரியில் இருட்டும் ஒரு சிறு சறுக்கலும் உண்டு, வரிசையும் நீளும். ஆகையால் அதற்கு முதலிலேயே போய்விட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். அதன் அருகிலுள்ள சறுக்குவண்டிக்கு 95 சென்டிமீட்டரும், விண்வெளி ரோலர் கோஸ்டருக்கு 102 சென்டிமீட்டரும், கரடிமலைச் சுரங்க ரயிலுக்கு 112 சென்டிமீட்டரும் உயரம் வேண்டும். வீட்டிலேயே காலணியோடு சுவரில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். கூடாததைப் பற்றிக் குழந்தையின் காதுபடப் பேசாமலிருந்தால் வாசலில் அழுகை இராது. பெற்றோருக்கு அந்தச் சவாரிகளில் ஏற ஆசையிருந்தால், ஒருவர் குழந்தையோடு நிற்க மற்றவர் போய்வந்ததும் முதலாமவர் மீண்டும் வரிசையில் நிற்காமல் ஏறும் மாற்றுமுறை உண்டு. வாசலில் உள்ள ஊழியரிடம் கேட்க வேண்டும்.

பதினொன்றரை மணிக்கு, மற்றவர்களுக்கு முன்பாக, மதிய உணவு. பன்னிரண்டரைக்குப் பூங்காவை விட்டுக் கிளம்பி அறைக்குத் திரும்பிவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். இவ்வளவு பணம் கொடுத்து உள்ளே வந்துவிட்டு நடுப்பகலில் வெளியேறுவதா என்று தோன்றும். ஆனால் நண்பகல் முதல் மூன்று மணி வரை வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் தூக்கம் கெட்ட குழந்தையோடு வரிசையில் நிற்பவருக்கு அந்தப் பணத்தால் கிடைப்பது எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து, கஞ்சியோ பழமோ சாப்பிட்டு, நான்கு மணிக்கு மீண்டும் உள்ளே வரும் குழந்தை மாலை முழுவதும் உற்சாகமாக இருக்கும். வெளியே போகும்போது மறுநுழைவுக்கான நடைமுறையை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்ப இயலாதவர்கள் தள்ளுவண்டியைச் சாய்த்து, குளிரூட்டப்பட்ட அரங்கிலோ நிழலிலோ தூங்கவைக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தள்ளுவண்டியின் மேல் துண்டையோ போர்வையையோ போட்டு மூடினால் காற்றோட்டம் தடைப்பட்டு உள்ளே வெப்பம் ஏறிவிடும். வண்டியின் சொந்தக் கூரையும் ஒரு சிறு மின்விசிறியும் போதும்.

முதன்மைச் சாலைப் பகுதியில் குழந்தைப் பராமரிப்பு அறை இருக்கிறது. அணையாடை மாற்றவும் தாய்ப்பால் கொடுக்கவும் அங்கே வசதி உண்டு. உள்ளே நுழைந்தவுடன் அது எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கழிவறைப் பயிற்சியில் இருக்கும் குழந்தைக்கு அன்று அணையாடை போட்டுவிடுவதில் தவறில்லை.

இரவில் கோட்டையின்மேல் நடக்கும் ஒளிக்காட்சியில் வாணவேடிக்கையும் உண்டு, ஓசை பலமாக இருக்கும். நம் குழந்தைகளுக்குப் பட்டாசு ஓசை அவ்வளவாகப் பழக்கமில்லை. காதுக்கவசம் கொண்டுபோய், பின்வரிசையில், வெளியேறும் வழிக்கு அருகில் நில்லுங்கள். குழந்தை ஏழரை மணிக்குத் தூங்கிவிடும் என்றால் இந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். நான் விட்டுவிடச் சொல்வேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய உடையோடு குழந்தையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறிப்போனால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் கைப்பேசி எண்ணை, சிங்கப்பூருக்கான 65 என்ற நாட்டுக் குறியீட்டோடு, சட்டையின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம்.

சாப்பாடு

புதிய இடத்தில் குழந்தை ஒருவேளை குறைவாகச் சாப்பிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று நாளும் பொரித்த உருளைக்கிழங்கையே தின்று மலச்சிக்கலோடு திரும்பிவருவதுதான் கவலைக்குரியது. ஆகையால் நாளில் ஒரு வேளையாவது வீட்டு உணவு கிடைக்க வழி செய்துகொள்ளுங்கள். விடுதி அறையில் சமைக்க அனுமதி இராது, ஆனால் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி இருக்கும். வறுத்து அரைத்த சத்துமாவு, மெல்லிய அவல், நெய்விட்டு வறுத்துத் தாளித்து வைத்த ரவை ஆகியவற்றைச் சிறு சிறு பொட்டலங்களாக ஒரு வேளைக்கு ஒன்று வீதம் கட்டிக்கொண்டால், வெந்நீர் ஊற்றி மூடிவைத்துப் பத்து நிமிடத்தில் உணவாகிவிடும். தேக்கா பக்கம் போகும்போது பருப்புப் பொடியும் சிறு நெய்ப்புட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சாதம் எங்கும் கிடைக்கும், பொடியும் நெய்யும் சேர்ந்தால் பழகிய சுவை வந்துவிடும். நெய்யை உடன்பையில் வைக்காமல் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். குழந்தைக்கான பாலையும் உணவையும் பயணத்துக்குத் தேவையான அளவு உடன்பையில் எடுத்துச்செல்லலாம்.

குழந்தை உணவைப் பூங்காவுக்குள் கொண்டுபோவதற்குத் தடையில்லை. ஹலால் உணவு தேடும் குடும்பங்களுக்கு மிஸ்டிக் பாயின்ட் பகுதியிலுள்ள எக்ஸ்புளோரர்ஸ் கிளப் உணவகம் உதவும். சைவ உணவு உண்போர் ஒவ்வொரு கடையிலும் முட்டை, மீன் சாஸ், கோழிச் சாறு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இறைச்சித் துண்டு இல்லை என்பதாலேயே அது சைவமாகிவிடாது.

மருந்துகளில் காய்ச்சலுக்கான பாரசிட்டமால், உடல்நீர் இழப்புக்கான உப்புச் சர்க்கரைப் பொடி, வெப்பமானி மூன்றும் கட்டாயம். காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதால், பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேட்டுப் புட்டியின்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

புறப்படுமுன், திரும்பிய பின்

பாலர் பள்ளிகளில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவுவது சிங்கப்பூரில் வழக்கமான ஒன்று. புறப்படும் வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சலோ வாயில் புண்ணோ கண்டால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான். அதற்கு வசதியாகத் தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டையும் குழந்தையின் நோயையும் உள்ளடக்கிய பயணக் காப்புறுதியையும் தொடக்கத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். காப்புறுதியைப் பயணத்துக்கு முந்தின நாள் வாங்குவதால் இந்தப் பயன் கிடைக்காது.

திரும்புவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள், குழந்தை உட்பட அனைவருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டையைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையப்பக்கத்தில் கட்டணமின்றி நிரப்பிவிடுங்கள். விமானத்தில் வரும் குடிமக்களும் இதை நிரப்ப வேண்டும். ஞாயிறு இரவு வந்திறங்கித் திங்கள் காலை ஏழரைக்குக் குழந்தையைப் பள்ளியில் விடுவதைவிட, சனிக்கிழமையே திரும்பி ஒரு நாள் வீட்டில் இருப்பது எல்லாருக்கும் நல்லது. அடுத்த ஒரு வாரம் வரை காய்ச்சல், கை கால்களில் கொப்புளம், உணவை மறுத்தல் போன்ற அறிகுறிகள் தென்படுகின்றனவா என்று காலையில் பார்த்துவிட்டே பள்ளிக்கு அனுப்புங்கள். எது கண்டாலும் ஆசிரியருக்குத் தெரிவித்துக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.